கிழக்கு வரிசையின் வாசம்

7 பிப்ரவரி 2007, புதன்

உத்தமபாளையத்தில் பஸ் மாறி, கோம்பை, பண்ணைப்புரம் தாண்டித் தேவாரம் போய்ச் சேர மணி எட்டு. சீனிச்சாமி ஐயாவின் மாந்தோப்பில் இன்றுதான் ஆய்வைத் தொடங்கினேன். புதன்தோறும் மேற்கு வரிசை, வெள்ளிதோறும் கிழக்கு வரிசை. வரிசைக்கு ஆறு மரம். கிளை நுனியில் பாலித்தீன் பையைக் கட்டி, பம்ப்பை ஓடவிட்டு, மரத்துக்கு அரை மணி நேரம் பக்கத்திலேயே தேவுடு காக்க வேண்டும்.

ஐயா சுற்றிச்சுற்றி வந்து பார்த்தார். "எதுக்கு இலைக்கு முகமூடி மாட்டுற? சளி புடிச்சிருக்கா?"

தண்டுக்குள் துளைப்பான் புழு இருந்தால், வெளியே மரத்தூள் கொட்டும்போதுதான் நமக்குத் தெரியும், அதற்குள் பாதி மரம் காலி என்றேன். புழு கடிக்கத் தொடங்கியதுமே மரம் வேறு வாசம் விடும். நம் மூக்குக்கு எட்டாது. இந்தக் கண்ணாடிக் குழாய் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மதுரை லேப்பில் இருக்கும் மெஷின் பிரித்துக் காட்டும்.

"அப்ப மரம் வாயைத் தொறந்து சொல்லுதுங்கிற. எங்க வீட்ல ஒருத்தி முப்பது வருசமா சொல்லுறா, அதையே நான் கேக்கல."

9 பிப்ரவரி, வெள்ளி

கிழக்கு வரிசை. ஒப்பிட்டுப் பார்க்க வெறும் காற்றையும் ஒரு குழாயில் எடுக்க வேண்டும். அதைத் தோப்புக் கேட்டருகிலேயே, வந்ததும் எடுத்து முடித்துவிட்டேன். பம்ப்பைச் சோதித்த மாதிரியும் ஆயிற்று.

ஐயாவின் மனைவி சங்கிலியம்மாள் வீட்டு வாசலில் மறித்துவிட்டார். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா வெறுந்தலையோட தோப்புக்குள்ள போகாத தாயி." கொல்லையில் பூத்த பிச்சி, ஒரு முழத்துக்குக் குறையாது. அவரே வைத்துவிட்டார். காபியும் கொடுத்தார்.

2 மார்ச், வெள்ளி

மூன்று வார முடிவும் வந்துவிட்டது. கிழக்கு வரிசை ஆறு மரத்திலும் லினலூல்! மேற்கில் துளிகூட இல்லை. புழு கடித்த மரம் விடும் வாசத்தில் நான் தேடியதே அதைத்தான். கிழக்கே அடுத்த தோப்பு, பராமரிப்பில்லாத கிழட்டு மரங்கள். அங்கிருந்துதான் இந்தப் புழுவின் தாய்வண்டு வந்திருக்க வேண்டும். எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது. கைடு பாண்டியராஜன் சார் போனிலேயே சிரித்தார். மே மாதம் தீசிஸ் கொடுத்துவிடலாமாம்.

அம்மாவுக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. "தவக்காலத்துல வெள்ளிக்கு வெள்ளி தலை நெறையப் பூவா?" என்கிறாள். சங்கிலியம்மாள் கையைத் தட்டிவிடவா முடியும்?

26 மார்ச், திங்கள்

எழுதப் பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

ஒரு மரத்தையாவது பிளந்து புழுவைக் காட்டினால்தான் ஆய்வு எடுபடும் என்றார் சார். மற்ற மரத்துக்கும் பரவும் என்று நானும் சொன்னதால் ஐயா ஒத்துக்கொண்டார். லினலூல் அதிகம் காட்டிய நாலாம் மரம், காசா ரக மா, பிஞ்சு பிடித்து நின்றது. சிவப்புப் பெயின்ட்டில் குறி போட்டது என் கை.

மத்தியானத்துக்குள் அறுத்துச் சாய்த்தார்கள். அடியிலிருந்து நுனிவரை பிளந்தார்கள். ஒரு துளை இல்லை. வெள்ளை வெளேரென்று கட்டை. சங்கிலியம்மாள் உதிர்ந்த பிஞ்சுகளை வடுவுக்குப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

சார் வேரில் இருக்கும் என்கிறார். இருக்குமா?

6 ஏப்ரல், பெரிய வெள்ளி

அம்மா திட்டத் திட்டப் போனேன். ஒரு வாரம் விட்டுப்போனால் கணக்குத் தப்பும். சங்கிலியம்மாள் பூவோடு வந்தார். "இன்னிக்கு எங்களுக்குத் துக்க நாள்ம்மா, வைக்க மாட்டோம்" என்றேன். வருத்தப்படவில்லை. மீதி ஐந்து மரத்திலும் எடுத்துவிட்டு, மூன்று மணி ஆராதனைக்குக் கோயிலுக்கு ஓடி வந்தேன்.

ஐந்தையும் காய் இறக்கியதும் வெட்டிவிடப்போவதாக ஐயா சொன்னார்.

12 ஏப்ரல், வியாழன்

பெரிய வெள்ளிக் குழாய்கள் ஐந்திலும் லினலூல் இல்லை.

பஸ்ஸில் வரும்போது உறைத்தது. அன்று மட்டும் என்ன வேறு? — பூ. கடவுளே, பூ.

13 ஏப்ரல், வெள்ளி

மார்க்கெட்டில் பிச்சி வாங்கி, லேப்பில் காலிப் பையின் வாய்ப்பக்கம் வைத்துப் பம்ப்பை ஓடவிட்டேன். மெஷின் வரைந்த தாளில் அதே லினலூல். அதற்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொன்று, மல்லிகை இனத்துப் பூக்களில் இருப்பது. பழைய தாள்களைப் புரட்டினேன். கிழக்கு வரிசைத் தாள் எல்லாவற்றிலும் அதுவும் நிற்கிறது. தேடியது கிடைத்ததும் பக்கத்தில் இருப்பதைப் பார்க்கவேயில்லை. வெறும் காற்றைக் கேட்டருகில், பூ வைப்பதற்கு முன்னால் எடுத்த புத்திசாலி நான்.

நல்ல மரத்தை வெட்ட வைத்துவிட்டேன்.

16 ஏப்ரல், திங்கள்

பூ விஷயத்தைச் சாரிடம் சொன்னேன். அவர், "அந்த ஒரு நாளை மட்டும் விட்டுரும்மா. மழைத்தூறல்னு போட்டுக்கலாம். மத்த எட்டு வாரம் இருக்குல்ல?" என்றார். கெட்டவர் இல்லை. எனக்காகத்தான் சொன்னார்.

விட்டுவிட்டால் மே மாதம் தீசிஸ் முடிந்துவிடும். அந்த ஐந்து மரமும் முடிந்துவிடும்.

18 ஏப்ரல், புதன்

சொல்லிவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது ஒத்திகை பார்த்த வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை. "ஐயா, அஞ்சு மரத்தையும் வெட்டாதீக. அதுல புழு இல்ல. நாலாம் மரத்துலயும் இல்ல. தப்பு என்னுது" என்றேன். பூவைப் பற்றிச் சொன்னதும் சங்கிலியம்மாள் முகம் சுண்டிப்போயிற்று.

"நான் வச்ச பூவாலயா தாயி?"

"பூ என்னம்மா செய்யும்? தலையில இருந்தது எனக்குத் தெரியும்ல? நான்தான் யோசிச்சிருக்கணும்."

ஐயா துண்டை உதறித் தோளில் போட்டார். "அஞ்சு மரம் தப்பிச்சிருச்சுன்னு சொல்ல வந்தியா, ஒண்ணு அநியாயமாப் போச்சுன்னு சொல்ல வந்தியா?"

"ரெண்டுந்தாங்கய்யா."

ஐயா எழுந்து தோப்புக்குள் போய்விட்டார். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. "அவுக இப்ப வர மாட்டாக. நீ பொறப்படு தாயி" என்றார் சங்கிலியம்மாள். பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதேன். யாரோ ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

3 ஜூன், ஞாயிறு

தீசிஸ் ஒரு வருஷம் தள்ளிப்போயிற்று. தேவாரத்திலிருந்து ஒரு தகவலும் இல்லை. அங்கே போன் பண்ணத் தைரியமில்லை.

29 ஆகஸ்ட், புதன்

நேற்றுச் சாயங்காலம் ஐயாவே போன் பண்ணினார். "காலைல வா. குழாய் பம்ப்பெல்லாம் எடுத்துக்கிட்டு வா."

போனால், என்னைத் தன் தோப்புக்குக் கூட்டிப்போகவில்லை. கிழக்கே அடுத்த தோப்புக்குக் கூட்டிப்போனார். அதைப் புதிதாக வாங்கியிருக்கும் செல்லப்பாண்டி வரப்பில் நின்றார். இரண்டு மரத்தில் மரத்தூள் கொட்டுகிறது, மற்றவை எப்படி என்று தெரியவில்லை. நான் வெறும் காற்றை மரத்தடியிலேயே எடுத்தேன். வெளி வாசம் புகாமலிருக்க, பைக்குள் போகும் காற்றுக்குக் கரித்தூள் வடிகட்டி மாட்டினேன்.

செல்லப்பாண்டி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அண்ணே, உங்க மரத்தை வெட்ட வச்ச பிள்ளைல்ல இது?"

"ஆமா, அதேதான்" என்றார் ஐயா. "மெஷினு தப்பாச் சொல்லும்ப்பா. தப்புன்னா இந்தப் பிள்ளை பஸ் ஏறி வந்து சொல்லும்."

தப்பு மெஷினுடையது இல்லை, நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் பம்ப்பைத் தூக்கிக்கொண்டு அடுத்த மரத்துக்கு நடந்துவிட்டார்.