வரக்காப்பியும் தகரக் கூரையும்

ஏப்ரல் 20, வாழவந்தி

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். மஸ்கெலியா மலையில் பிறந்து வளர்ந்த நான், ஏற்காடு பஸ்ஸில் வாந்தி எடுத்தேன். அதுவும் பக்கத்து சீட்டுக்காரரின் தொப்பிக்குள். மனிதர் முகம் சுளிக்காமல், "பரவால்லீங்க, பழைய தொப்பிதானுங்க" என்றார். புதுசு போலத்தான் இருந்தது.

இலங்கையிலிருந்து எங்கள் சபை ஆட்கள் ஐந்து பேர் மிஷன் வேலைக்கு வந்திருக்கிறோம். மற்ற நால்வரும் பாட்டுப் பாட, பைபிள் கதை சொல்ல. நான் கூரை போட. ஈவ்லின் என்ற விதவையின் வீட்டுக் கூரை காற்றில் பறந்துவிட்டதாம். மகளோடு தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறார். கோடை மழை இறங்குவதற்குள் தகரம் போட்டாக வேண்டும். மே பத்தாம் தேதி எங்களுக்கு விமானம்.

தினமும் எழுதச் சொல்லி எங்கள் தலைவி ஃபெபி டீச்சர் ஆளுக்கொரு கொப்பி கொடுத்தார். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கும்!

ஏப்ரல் 21

இதெல்லாம் ஒரு மலையா? எங்கள் ஊரில் இதை மேடு என்போம். குளிருமே என்று கம்பளி கொடுத்தார்கள். மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டேன்.

பாட்டனின் அப்பா இந்தச் சேலம் பக்கத்திலிருந்துதான் கப்பல் ஏறினாராம். ஏன் ஏறினார் என்று இன்றைக்குத்தான் புரிந்தது.

ஏப்ரல் 23

எங்கே திரும்பினாலும் காப்பிச் செடி. தேயிலையை நாங்கள் இடுப்பளவில் வெட்டிப் பாய் விரித்தது மாதிரி வைத்திருப்போம். இவர்கள் என்னடாவென்றால் பெரிய மரங்களுக்கு அடியில் திருட்டுச் சாமான் போல ஒளித்து வளர்க்கிறார்கள்.

ஈவ்லின் வீட்டு வாசலை மிதித்ததும் வரக்காப்பி. பால் கிடையாது, வெல்லம் போட்டது. அடுப்புக்கரியைக் கரைத்த மாதிரி இருந்தது. ஒரு தேத்தண்ணி கிடைக்காதா? போதும் என்றாலும் விடவில்லை. "ஏனுங்க, கூச்சப்படறீங்களா? நம்ம கொல்லையில காய்ச்சதுதானுங்க, நானே வறுத்து இடிச்சது" என்று மறுபடியும் ஊற்றினார். பின்பக்கம் போய் மிளகுக் கொடிக்கு வார்த்தேன்.

ஏப்ரல் 25

தகரம் தாங்க ரீப்பர் சட்டம் அடித்து முடிந்தது. கொடிக்கு இன்றும் மூன்று வேளை காப்பி.

ஏப்ரல் 26

மாட்டிக்கொண்டேன்.

கொடிக்கு ஊற்றிக்கொண்டே ஃபெபி டீச்சரிடம், "இது காப்பியா டீச்சர், கறையானுக்கு அடிக்கிற மருந்தா?" என்று கேட்டுச் சிரித்தேன். டீச்சர் சிரிக்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தார். ஈவ்லின் இன்னொரு டம்ளரோடு நின்றார்.

சத்தம் போடவில்லை. "எங்க ஊட்டுக் காப்பி மண்ணுக்குத்தான் ஆகுமுன்னா, எங்க ஊட்டுக் கூரை மட்டும் உங்க கைக்கு எதுக்குங்க? ஏணிய எடுத்துக்கிட்டுப் போயிருங்க" என்றார்.

இந்த ஊரில் செருப்பால் அடிப்பதையும் 'ங்க' போட்டுத்தான் அடிக்கிறார்கள்.

ஏப்ரல் 28

போதகர் ஞானசுந்தரம் இரண்டு நாளாகப் போய்ப் பேசிப் பார்த்தார். "வேற ஆளு வரட்டுங்க, இல்லாட்டி மழை வரட்டுங்க" என்றுவிட்டாராம். வேறு ஆள் எங்கே? கூரை வேலை தெரிந்தவர்கள் எல்லோரும் எஸ்டேட் வேலையில் இருக்கிறார்கள். தகரம் சுவரோரம் சாய்ந்து கிடக்கிறது.

ரோஷத்தைப் பார்! ஒரு டம்ளர் கரித்தண்ணிக்கு இவ்வளவா? டீச்சர் என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும். நான் என்ன கொலையா பண்ணிட்டேன்?

மே 2

மழை. சாயங்காலம் முழுக்க.

மே 3

காலையில் சும்மா நடப்பது போல அந்தப் பக்கம் போனேன். தார்ப்பாய் ஒரு பக்கமாகக் கிழிந்து தொங்கியது. மகள் மலரின் பள்ளிப் புத்தகங்கள் வேலி மேல் காய்ந்தன. ஈவ்லின் ஒரு சாக்கைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். வருஷத்துக்கும் வைத்திருந்த காப்பிக்கொட்டை, ஊறிப்போய்.

"காப்பி இருக்குங்களா?" என்றேன். அவர்கள் 'ங்க'வையே போட்டேன்.

"இருக்குதுங்க. நொம்ப இருக்குது. அள்ளிக்கிட்டுப் போங்க, கறையானுக்கு ஆகும்."

உட்கார்ந்து கொட்டையைத் துணியில் துடைத்துப் பாயில் பரப்பினேன். போகச் சொன்னார், போகவில்லை. மத்தியானம் வரை புரட்டிப் போட்டேன். கெட்டதைப் பொறுக்கினேன். தேயிலைக்காரன் காப்பிக்கொட்டைக்குக் காவல்! ஊரில் தெரிந்தால் சிரிப்பார்கள். பக்கத்து வீட்டுப் பொன்னுவேல் வேலியோரம் நின்று, "ஏனுங்க ஈவ்லினக்கா, சிலோன்ல இருந்து ஆளு வச்சிருக்கீங்களாட்ட இருக்குது?" என்றார்.

"கூலி கெடையாது, அதான் ஒழுங்கா செய்யறாருங்க" என்றார் ஈவ்லின்.

மூன்று மணிக்கு ஒரு டம்ளர் வந்தது. கொடுத்துவிட்டுப் போகாமல் என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன். உண்மையைச் சொன்னால் இன்னமும் கரிதான். சொல்லவில்லை.

"ஏணி வேதக்கோயில்லதானுங்களே இருக்குது?" என்று கேட்டார்.

மே 5

பாதிக் கூரை ஏறிவிட்டது. இங்கே விற்கும் ஆணி ஆணியே அல்ல, வெறும் கம்பி. அடித்தால் வணக்கம் சொல்கிறது. டீச்சர் இன்று தகரம் பிடித்துக் கொடுத்தார். பேசவும் செய்தார்: "பார்த்து அண்ணே."

மே 8

வேலை முடிந்தது. நான் இன்னும் மேலே இருப்பது தெரியாமல் பொன்னுவேல் ஏணியை எடுத்துக்கொண்டு போன பிறகு, கூரை முகட்டில் ஓர் ஆணி விட்டுப்போனது தெரிந்தது. அடித்தேன். எழுந்தேன். எழ முடியவில்லை. இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் நுனியையும் சேர்த்து அடித்திருந்தேன்.

கீழே சின்ன ஜெபக் கூட்டம். போதகர், டீச்சர், மலர், ஊர்ச் சனம் எல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள்.

"எறங்கலீங்களா அண்ணா?" என்றார் ஈவ்லின்.

"காத்து நல்லா இருக்கு. காப்பிய மேலயே குடுங்க" என்றேன்.

ஏணியைத் திரும்ப வாங்கிவந்து, ஏறி, டம்ளரை நீட்டினார். குடித்தேன். யோசிக்க நேரம் போதாமல் இன்னொன்று கேட்டேன். அதையும் குடித்தேன். பிறகு கத்தி கேட்டேன். எதற்கென்று கேட்காமல் எடுத்து வந்து கொடுத்துவிட்டு, இறங்கி, கூட்டத்தைக் கண்ணை மூடி ஜெபிக்கச் சொன்னார்.

என் சாரத்தில் ஒரு சாண் துணி அந்த ஆணிக்கு அடியில் இருக்கிறது. அந்த இடம் ஒழுகாது.