கம்ப்யூட்டருக்கு எந்த மருந்து?

அன்பு மகள் வாணிக்கு அம்மா எழுதுவது. பூனாவில் குளிர் அதிகம் என்றாய், உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே மூவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பொய் எழுதக் கை வரவில்லை. உன் தங்கை நிலா சரியாகச் சாப்பிட்டுப் பல நாள் ஆகிறது. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். அவள் போனை அப்பா பிடுங்கிப் பூட்டிவிட்டார், வீட்டு போன் அவர் சட்டைப்பையில் இருக்கிறது, அதையும் கம்ப்யூட்டரில் புகுந்த திருடன் ஒட்டுக்கேட்கிறானோ என்று எனக்குப் பயம்.

நடந்ததைச் சொல்கிறேன். நீ வாங்கி அனுப்பிய கம்ப்யூட்டரில் நிலா குரூப் நாலு தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று திரை சிவப்பாகி மணி அடித்தது, வைரஸ் புகுந்துவிட்டது, இந்த இலவசப் பாதுகாப்பை உடனே போட்டுக்கொள்ளுங்கள் என்று தமிழிலேயே எழுத்து வந்தது. வைரஸ்னா என்னம்மா என்று அப்பா கேட்க, பூச்சி மாதிரிப்பா என்று இவள் சொல்லித் தொலைத்தாள். ஊரார் வயலுக்கெல்லாம் மருந்தடிக்கிற மனுஷன் சும்மா இருப்பாரா, பூச்சின்னா மருந்தடிக்க வேண்டியதுதானே, இதுக்கு ஏன் முழிக்கிறே என்றார். ஏற்கெனவே உள்ள பாதுகாப்பை நிறுத்தினால்தான் புதியது ஏறும் என்று திரை கேட்டது. நிலா தயங்கினாள். ரெண்டு மருந்த ஒரே டேங்க்ல ஊத்துனா திரிஞ்சு போயிடும் புள்ள, பழசக் கழுவி ஊத்திட்டுப் புதுச அடின்னார். நெல்லில் விழும் புகையான் பூச்சிக்கு அது சரி. இங்கே காவல்காரனை வெளியே தள்ளிவிட்டுத் திருடனுக்குப் பாய் விரித்துவிட்டோம்.

திரை கேட்ட இடத்தில் அப்பா பெயரையும் போன் எண்ணையும் நிலா கொடுத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் கம்பெனியிலிருந்து பேசுவதாக ஒருவன் போன் செய்தான். உன் அப்பாவை இந்த ஊரில் நேற்று முளைத்த பையன்கூட டேய் வீரையா என்றுதான் கூப்பிடுவான். இவன் வீரையன் சார், சொல்லுங்க சார் என்றான். அந்த ஒரு சாருக்கு மனுஷர் கரைந்துபோனார், வாணி. திரையில் தெரிந்த எண்ணைப் படிக்கச் சொன்னான், நிலாவை விலக்கிவிட்டு இவரே ஒவ்வொரு எண்ணாகப் படித்துக் காட்டினார். அப்புறம் யார் கையும் படாமல் அம்புக்குறி தானாக ஓட ஆரம்பித்தது. மரியாதையைத் தூண்டில் புழுவாக வைத்துப் பிடிக்கலாம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நம்மை அதற்குப் பட்டினி போட்டது இந்த ஊர்தானே.

இப்போது அவன் நிலாவின் போட்டோக்களை எடுத்து வைத்துக்கொண்டு மிரட்டுகிறான். தலை இவளுடையது, உடம்பு எவளுடையதோ. பணம் அனுப்பாவிட்டால் ஊர் வாட்ஸப் குரூப்பில் போடுவானாம். ஸ்டேஷனுக்குப் போனோம். உங்க தெருப் பொண்ணுக்குக் கம்ப்யூட்டர் எதுக்குன்னு கேட்டுவிட்டு அங்கிருந்தவர் டீ குடிக்கப் போய்விட்டார். வெட்கப்பட வேண்டியது யார் என்றே தெரியாத உலகம். நிலா தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் கம்ப்யூட்டர் கேமரா மேல் ஒட்டிவிட்டு, வெறும் நெற்றியோடு சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள்.

கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நஜ்மாதான் உதவினாள். நெட்டைப் பிடுங்கச் சொன்னாள், ஒரு பைசா அனுப்பாதீங்கக்கா, ஒரு தடவ குடுத்தா விடமாட்டான்னாள், சைபர் குற்றத்துக்கான 1930 எண்ணுக்குத் தன் போனிலேயே புகார் கொடுக்க வைத்தாள். கம்ப்யூட்டரைத் துடைத்துப் புதிதாக ஏற்ற வேண்டுமாம். அதற்குப் பிறகு எந்தப் பாதுகாப்பைப் போடுவது என்பதில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறேன். கம்ப்யூட்டரோடு கூடவே வருவது போதும், அணைக்காமல் அப்டேட் போட்டாலே போதும் என்கிறாள் நஜ்மா. கம்ப்யூட்டர் கடைக்காரரோ விலை போட்ட டப்பாக்களை எடுத்து வைக்கிறார், எல்லாவற்றிலும் ஒரே மாதிரி கேடயம் படம். இலவசம் என்று வந்தவன்தான் குடியைக் கெடுத்தான், காசு கேட்கிறவன் யோக்கியன் என்றும் சொல்ல முடியவில்லை.

உன் அப்பாவுக்குத் தெரிந்த பாதுகாப்பு ஒன்றே ஒன்றுதான். கம்ப்யூட்டரை விற்றுவிட்டு, வேதாரண்யத்து அத்தை மகன் புகழேந்திக்கு இவளைக் கட்டி வைப்பது. தை பிறந்ததும் பூ வைக்க வரச் சொல்லிவிட்டார். பயிருக்குப் பூச்சி வந்தால் மருந்தைத்தான் மாத்துவீங்க, பயிரைப் பிடுங்கியா போடுவீங்கன்னு கேட்டேன். ஸ்பிரேயரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். தப்பு தன்னுடையது என்று அவருக்குத் தெரியும், அதனால்தான் நிலா முகத்தைப் பார்க்காமல் அவளை அனுப்பிவிடப் பார்க்கிறார். நானும் தேர்வு எழுத வேண்டிய வயதில்தான் தாலி கட்டிக்கொண்டேன். இன்னொரு முறை இந்த வீட்டில் அது நடக்காது.

கடிதம் கிடைத்த அன்றே நஜ்மா போனுக்குக் கூப்பிடு, எண் பின்பக்கம் இருக்கிறது. எதைப் போடுவது என்று ஒரே பெயராகச் சொல், நாலைந்து சொல்லிக் குழப்பாதே. பிறகு அப்பாவிடம் பேசு. கத்தாதே. கம்ப்யூட்டரைத் திரும்ப ஓட வைக்க அவர் கை வேண்டும் என்று சொல், வீரையன் சார் என்று வேண்டுமானாலும் கூப்பிடு. திருடன் சொன்னபோது கேட்டவர், பெற்ற பெண் சொன்னால் கேட்கமாட்டாரா?

நீ எந்த ஊரில் இருந்தாலும் யாருக்கும் குனியாமல் நல்லா இரு. ராத்திரி வேலை என்றால் சாப்பிடாமல் போகாதே. கவரைச் சோற்றுப் பருக்கை தேய்த்து ஒட்டியிருக்கிறேன், பிரிந்திருந்தால் உடனே சொல். நிலாவுக்கு ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டு வாங்கி வைத்திருக்கிறேன். கேமராவுக்கு ஒன்று போக மீதி எல்லாம் நெற்றிக்கு.

உன் அம்மா
வீ. அம்சம்