எழுபத்து நாலாம் நம்பர் தாமிரன்

கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். பாச்சை உருண்டை வாசனை போகவில்லை. விரலை மூக்கருகே கொண்டுபோனால் உன் ஞாபகம் வருகிறது, கூடவே சிரிப்பும் வருகிறது. முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கூட்டாளி. எழுபத்து நாலாம் நம்பர் தாமிரன் காமிக்ஸ் என்னிடம்தான் இருந்தது. கிட்டத்தட்ட முப்பது வருடமாக. திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று நான் உன்னிடம் அடித்துச் சொன்னதெல்லாம் சுத்தப் பொய்.

இன்று காலை ஆறே கால் மணிக்கு உன் வீட்டுக்காரி போன் செய்தாள். நீ கண்ணை மூடிய இந்த எட்டு மாதத்தில் அந்த நேரத்துக்கு அவள் கூப்பிட்டதே இல்லை. பதறிப்போய் எடுத்தேன்.

“அண்ணா, அவன் செத்துட்டானா, பொழச்சானா?”

“யாரும்மா?”

“தாமிரன்தான். கடலுக்கு அடியில சங்கிலியோட கெடக்கிறானே, ஒடம்பெல்லாம் பச்ச புடிச்சிப்போய். மீதி அடுத்த இதழில்னு போட்டுட்டாங்க. அடுத்தது பொட்டில இல்ல. ஒங்களுக்கு எதுனா தெரியுமாண்ணா?”

கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். உன் மனைவி தாமிரன் படிக்கிறாள்! அதைக் கேட்க நீ இல்லையே! போன மாதம்தான் ஆஸ்பத்திரியில் ரிட்டயர் ஆனாள். முப்பது வருடம் பிரசவ வார்டில் ஓடிய கால் வீட்டில் நிற்குமா? உன் தகரப் பெட்டியைத் திறந்து, கையில் அகப்பட்டதை எடுத்திருக்கிறாள். அகப்பட்டது எழுபத்து மூன்று.

எழுபத்து மூன்று என்றதும் உனக்கே சிரிப்பு வந்திருக்கும். நடு நம்பரிலிருந்து படிக்கலாமா என்று நாம் போட்ட சண்டை கொஞ்சமா? எர்ணாவூர் பாக்டரிக்குப் போகும் ரயிலில் நீ ராயபுரத்தில் ஏறுவாய், நான் தண்டையார்பேட்டையில். ஜன்னலோரத்தில் குந்திக்கொண்டு எனக்கும் ஒரு இடம் பிடித்து வைத்திருப்பாய். டிபன் பாக்ஸுக்கு மேல் அந்த மாதத்துத் தாமிரன் விரித்திருக்கும். எதிரில் யாராவது எட்டிப் பார்த்து, “இது எங்கேருந்து படிக்கணும்?” என்று கேட்டுவிட்டால் போச்சு, நமக்குள் ஆரம்பித்துவிடும். ஒன்றாம் நம்பரிலிருந்து படிக்க வேண்டும் என்பது என் கட்சி. தாமிரன் செம்புச் சுரங்கத்தில் எப்படி மாட்டினான், உடம்பு எப்படிச் செம்பாக மாறியது, உப்புக்காற்று பட்டால் ஏன் பச்சை பிடித்துச் செயலிழக்கிறான் என்பதெல்லாம் தெரியாமல் நடுவிலிருந்து படிப்பவனுக்கு என்ன விளங்கும்?

நீ என்னைக் கண்டுகொள்ளவே மாட்டாய். கேட்டவரைப் பார்த்து, “நீங்க இன்னா வேல செய்றீங்க?” என்பாய். மணலியில் டேங்கர் லாரி ஓட்டுபவருக்கு, பிரேக் பிடிக்காத பஸ்ஸைத் தாமிரன் தோள் கொடுத்து நிறுத்தும் புத்தகம். பெரம்பூர் ஒர்க்‌ஷாப்பில் வெல்டராக இருந்தவருக்கு, உடைந்த பாலத்தைத் தன் உடம்பாலேயே அவன் ஒட்டவைக்கும் புத்தகம். மறுநாள் அவர்களே நம் பெட்டியைத் தேடிப்பிடித்து ஏறுவார்கள். “பாத்தியா மாமு, ஆளு மாட்டிகினாரு” என்று என் தொடையைக் கிள்ளுவாய். வலிக்கும், ஆனால் எனக்குக் கோபமே வராது.

ஒரே ஒரு தடவைதான் என் பேச்சைக் கேட்டாய். அதுதான் வினை. கல்யாணமான புதிதில் உன் மனைவிக்கு எழுபத்து மூன்றைக் கொடுப்பதாக இருந்தாய். “காலமெல்லாம் கூட இருக்கப்போற பொண்ணுடா. மொறயா ஒண்ணாம் நம்பர்லேருந்து குடு” என்று நான்தான் குறுக்கே விழுந்தேன். நீயும் கொடுத்தாய். நமக்குள் வைத்துக்கொள்வோம், அந்த ஒன்றாம் நம்பர் மகா அறுவை. கடைசிப் பக்கம் வரைக்கும் அவன் செம்பு மனிதனாக மாறுவதே இல்லை. உன் மனைவி ஆறாம் பக்கத்தில் தூங்கிப்போனாள். காலையில் புத்தகத்தை உன் கையில் திணித்து, “இத்துல இன்னா கீது? ஆளாளுக்கு மண்ணத் தோண்டினுகிறாங்க” என்றாளாம். அதோடு சரி. அப்புறம் ஒரு தாமிரனைக்கூட அவள் தொடவில்லை.

அதைச் சொல்லிச் சொல்லியே என் மானத்தை வாங்கினாய். “ஊருக்கே படிக்கக் குடுத்தேன் மாமு, ஒன்னால என் வூட்ல ஒரு ஆளு பூட்ச்சு” என்பாய். சிரித்துக்கொண்டுதான் சொல்வாய். ஆனால் கதையில் நல்ல கட்டம் வந்தால் சமையலறைப் பக்கம் உன் தலை தானாகத் திரும்பும். சொல்ல ஆள் இல்லாமல் மறுபடி புத்தகத்துக்குள் குனிந்துவிடுவாய். அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் எனக்கு உள்ளே உறுத்தும்.

அந்த வருடம்தான் எழுபத்து நாலை உன்னிடம் வாங்கிப் போனேன். ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் நின்றபடி படித்ததில், முழு கிளாஸ் டீயும் அட்டையில் கொட்டிவிட்டது. புத்தகத்தின் முனை மடங்கினாலே மூன்று நாள் பேசாத ஆள் நீ. வேறு பிரதி கிடைத்தால் மாற்றிக் கொடுத்துவிடலாம் என்று பழைய புத்தகக் கடை ஒன்று விடாமல் அலைந்தேன். கிடைக்கவில்லை. நீ கேட்டபோது, “அப்பவே குடுத்துட்டேனே” என்று வாயில் வந்துவிட்டது. ஒருமுறை சொன்ன பொய்யை மாற்றிச் சொல்ல அடுத்த நாளே கூச்சமாக இருந்தது, அப்புறம் வருடங்கள் ஓடிவிட்டன.

இன்று காலை போனை வைத்ததும் பரணிலிருந்து என் பெட்டியை இறக்கினேன். கூறைப்புடவைக்கு அடியில், பாச்சை உருண்டைகளுக்கு நடுவில், டீக்கறையோடு பத்திரமாக இருந்தது. என் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “வருசா வருசம் பொடவைய வெயில்ல போடச்சொல்லோ அத்த எட்த்துட்டு திரும்ப உள்ள வச்சினுகிறேன். இன்னாத்துக்குன்னு இன்னிக்குதான் தெரியுது” என்றாள். நாஷ்டா கூடச் சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன். ஒருமுறை உன் மனைவியின் படிக்கும் ஆசையை நான் கெடுத்தாகிவிட்டது. இந்தச் சூடு ஆறுவதற்குள் மீதிக் கதை அவள் கைக்குப் போகாவிட்டால் பெட்டியை மூடிவிடுவாள், மறுபடி திறக்கமாட்டாள். பார்த்து, இன்றைக்கென்று கொருக்குப்பேட்டையில் சிக்னலுக்காக வண்டி நின்றது. எஞ்சின் டிரைவரை மனதுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

வழி நெடுக ஒரு கதை ஜோடித்து வைத்திருந்தேன். பழைய புத்தகக் கடையில் தற்செயலாகக் கிடைத்தது என்று சொல்வதாகத் திட்டம். வாசலில் அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் குழறியது. “கடையில... இல்லம்மா... என்கிட்டதான் இருந்துச்சு. டீ கொட்டிட்டேன். அவன்கிட்ட பொய் சொல்லிட்டேன்” என்று மொத்தத்தையும் கொட்டிவிட்டேன்.

அவள் உள்ளே போய் எழுபத்து மூன்றைக் கொண்டுவந்து, பின்னட்டையின் உட்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். தொடரும் கதையென்றால் மீதி யாரிடம் இருக்கிறது என்று அந்த இடத்தில் பென்சிலால் குறித்து வைப்பது உன் வழக்கமாயிற்றே. அதை எப்படி மறந்தேன்! உன் கோணல் கையெழுத்து அப்படியே இருந்தது: “மீதி 74, மாமு கிட்ட கீது. டீய கொட்டிட்டு பயந்துனுகிறான். யாரும் கேக்காதீங்க. தானா எட்த்துனு வருவான்.”

அட பாவி! டீக்கடைக்காரர் அன்றைக்கே உன்னிடம் போட்டுக்கொடுத்திருக்க வேண்டும். தெரிந்துகொண்டே இத்தனை வருடம் என் முகத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறாய். எனக்கு அங்கேயே கண் நிறைந்துவிட்டது. “அழாதீங்கண்ணா. காலைல போன் பண்ணப்பவே எனக்குத் தெரியும். நீங்களே சொல்றீங்களான்னு பாத்தேன்” என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். நீ போனபிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து இன்றுதான் கேட்டேன்.

புத்தகத்தைக் கையில் வாங்கியவள் உடனே பிரிக்கவில்லை. “நைட்டு பூரா ரோசன பண்ணேன்ண்ணா. எங்க வூட்டு செம்புக்கொடம்கூட இப்டிதான். உப்புத்தண்ணி பட்டா பச்ச புடிச்சிக்கும். புளி போட்டுத் தேச்சா பளபளன்னு ஆயிடும். அவன் கூட்டாளிங்கள்ல ஒருத்தனுக்குக்கூடவா இது தோணல?”

பிரித்துப் பார் என்று கையைக் காட்டினேன். அவள் பிரித்தாள். கதையில் மீனவர்கள், வலையில் சிக்கிய தாமிரனைக் கரைக்கு இழுக்கிறார்கள். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. மீன் குழம்புக்குக் கரைத்து வைத்திருந்த புளியை எடுத்துக்கொண்டு மீனவர் வீட்டுப் பெண்மணி ஒருத்தி வருகிறாள். அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் உன் வீட்டுக்காரி என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். “சொன்னேன்ல! சொன்னேன்ல!” என்று அவள் கத்தியதில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். ஒன்றாம் நம்பர் நாற்பது பக்கம் செலவழித்து விளக்கியதை அவள் ஒரு குடத்தை வைத்தே புரிந்துகொண்டுவிட்டாள். என் கட்சி அங்கேயே கவிழ்ந்தது. அந்தக் கட்டத்தில் எனக்கும் சமையலறைப் பக்கம் தலை திரும்பியது. அவளோ பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

“ஒண்ணாம் நம்பர எப்பம்மா படிக்கப்போற?” என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

“அத்த தூக்கம் வராத அன்னிக்கு எட்த்துக்கிறேன்” என்றாள்.

கிளம்பும்போது பெட்டிக்குள் கிடந்த உன் பென்சிலை என் கையில் கொடுத்தாள். விரல் நீளம்கூட இல்லாத துண்டு, முனையில் உன் பல் பதிந்திருக்கிறது. உன் வரிக்குக் கீழே, “எட்த்துனு வந்துட்டேன்” என்று எழுதிக் கொடுத்தேன். பென்சிலைத் திருப்பி நீட்டினால் வாங்கிக்கொள்ளவில்லை. “இனிமே யாருக்கு எத்த குடுக்கறதுன்னு நீங்கதான் சொல்லணும்” என்று என்னோடு வாசல்வரை வந்தாள். அங்கே பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

“இன்னா புக்கு அது, இந்தச் சிரிப்பு சிரிக்குது அந்தம்மா? நானும் படிக்கலாமா? எங்கேருந்து ஆரம்பிக்கணும்?”

ஒன்றாம் நம்பர் என்று சொல்ல முப்பது வருடப் பழக்கத்தில் வாய் திறந்துவிட்டது. சட்டைப்பையில் பென்சில் குத்தியது.

“மொதல்ல சொல்லுங்க, நீங்க இன்னா வேல செய்றீங்க?” என்று கேட்டேன்.