முப்பத்தொரு தாள்களில் இருபத்தேழு எங்களுடையவை அல்ல

அனுப்புநர்:
திருமதி லீலாதேவி பத்மநாதன்,
ஓய்வுபெற்ற தட்டெழுத்தாளர், கச்சேரி (மாவட்டச் செயலகம்),
இல. 41/3, ஸ்பிரிங்வெளி வீதி,
பதுளை.

பெறுநர்:
மாகாணப் பணிப்பாளர் அவர்கள்,
கைத்தொழில் பயிற்சிப் பிரிவு,
ஊவா மாகாணம்,
பதுளை.

விடயம்: காலஞ்சென்ற எனது கணவர் திரு. க. பத்மநாதன் அவர்களுக்கு உரியதல்லாத பெருமையை நீக்கக் கோருதலும், கொஸ்லந்த செல்வி வீ. விஜயலெட்சுமிக்கு அனுப்பப்பட்ட தடைக் கடிதத்தை மீளப் பெறக் கோருதலும்.

மதிப்புக்குரிய ஐயா,

1. கச்சேரியில் இருபத்தாறு வருடங்கள் பிறருடைய மனுக்களைத் தட்டெழுதியவள் நான். மூன்றாம் பக்கத்துக்குச் செல்லும் மனுவை எவரும் முழுமையாகப் படிப்பதில்லை என்பதை அறிவேன். ஆகவே இதை இரண்டு பக்கங்களுக்குள் அடக்கியுள்ளேன். எனக்காக நான் எழுதும் முதலாவது மனு இதுவே.

2. எனது கணவர் நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் படவரைஞராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர். 2003ஆம் ஆண்டு இணையத்தில் ஓர் இயந்திரத்தின் வரைபடக் கோப்புகளைக் கண்டார். கணினி இடும் கட்டளைப்படி மரத்தையும் மெல்லிய தகட்டையும் வெட்டும் அவ்வகை இயந்திரத்தைச் சி.என்.சி. என்பார்கள். பெரிய ஆலைகளில் உள்ள அதனை வீட்டில் பழைய அச்சுப்பொறி மோட்டார்களைக் கொண்டே கட்டும் வழியை ஹாலந்து நாட்டவரான திரு. யான் வெர்ஹூக் முப்பத்தொரு தாள்களில் வரைந்து, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என வைத்திருந்தார். எனது கணவர் அதைக் கட்டினார். எங்கள் சாப்பாட்டு மேசை அன்று முதல் சாப்பாட்டு மேசையாக இருக்கவில்லை.

3. திரு. வெர்ஹூக் அக்கோப்புகளை மூன்று நிபந்தனைகளுடன் தந்திருந்தார். யாரும் பிரதி எடுக்கலாம், கட்டலாம், அதில் செய்த பொருளை விற்கவும் செய்யலாம் என்பது முதலாவது. ஒவ்வொரு தாளிலும் அவரது பெயர் இருக்க வேண்டும். எவராவது எதையாவது மாற்றினால், மாற்றியவர் பெயரும் மாற்றமும் அந்தத் தாளிலேயே குறிக்கப்பட வேண்டும் என்பது இரண்டாவது. பெற்றவர் பிறருக்கு அதே நிபந்தனைகளின்படியே கொடுக்க வேண்டும், பூட்டி வைக்கக் கூடாது என்பது மூன்றாவது. இவை அவரது பெயருடன் தாள்தோறும் அடியில் எட்டு வரிகளாக அச்சிடப்பட்டிருந்தன. இந்த எட்டு வரிகளைத் தங்கள் கவனத்தில் வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

4. அவ்வருடம் மார்கழி மழையில் இயந்திரத்தின், மரத்தூளை அழுத்திச் செய்த பலகைகள் ஊதி, நகரும் பாகம் இறுகிக்கொண்டது. எங்கள் மலைப் பனி ஹாலந்துக்காரருக்குத் தெரியாதது அவருடைய குற்றமன்று. எனது கணவர், தொழிற்சாலையில் கழித்துவிட்ட கொழுந்து வாட்டும் தட்டுகளின் இரும்புச் சட்டங்களைக் கொண்டு அடித்தளத்தை மாற்றி அமைத்தார். அதற்காக 12, 13, 19, 26 ஆகிய நான்கு தாள்களைப் புதிதாக வரைந்தார். அந்நான்கிலும் தமது பெயரை இட்டார். ஏனைய இருபத்தேழிலும் இடவில்லை. அட்டையிலாவது பெயர் போடலாமே என்று நான் ஒருமுறை கூறியதற்கு, "மற்ற மனிசன்ர வேலைக்கு நான் என்ர பேரை எழுதேலாது, லீலா" என்றார்.

5. அவரிடமிருந்து தாள்களின் பிரதியைக் கேட்டுப் பெற்றவர்களில் கொஸ்லந்த தோட்டத்தைச் சேர்ந்த செல்வி விஜயலெட்சுமியும் ஒருவர். ஏழு மாதத்தில் தாமே இயந்திரத்தைக் கட்டி முடித்தார். எனது கணவர் அதைப் பார்க்கப் போய், தம்முடையதைவிட அது நேராக வெட்டுவதாகச் சிறிது மனக்குறையுடன் திரும்பி வந்தார். தோட்டத்துப் பிள்ளை மடுவங்களில், அதாவது குழந்தைக் காப்பகங்களில், சிறுவர்கள் விரலால் தடவிப் பழகும் மர எழுத்துகளை விஜயலெட்சுமி அதில் வெட்டிக் கொடுக்கிறார். அவர் குடும்பம் அதில்தான் வாழ்கிறது.

6. 2006 மார்ச் மாதத்தில் எனது கணவர் காலமானார். அவருடைய ஆங்கிலக் குறிப்புகளை நான் தமிழாக்கி, முப்பத்தொரு தாள்களையும் செம்மையாகத் தட்டெழுதி, மறுவருடம் தங்கள் பிரிவின் கீழுள்ள பயிற்சி நிலையத்துக்கு இலவசமாகக் கொடுத்தேன். கடந்த ஜூன் மாதம் நிலையம் அதனை நூலாக வெளியிட்டது. எனக்குப் பொன்னாடை போர்த்திக் கேடயமும் வழங்கினார்கள். வீடு வந்து நூலைக் கையில் எடுத்தபோதுதான் பார்த்தேன். அட்டையில் "கண்டுபிடிப்பாளர்: க. பத்மநாதன்" என்றிருந்தது. மறுபக்கத்தில் சகல உரிமைகளும் நிலையத்துக்கே உரியவை என்றும், அனுமதியின்றி எவரும் இவ்வரைபடங்களைப் பயன்படுத்தலாகாது என்றும் இருந்தது. திரு. வெர்ஹூக்கின் பெயர் நூலின் எந்தப் பக்கத்திலும் இல்லை.

7. நான் மூன்று முறை நிலையத்துக்குச் சென்றேன். பொறுப்பதிகாரி திரு. ஜெயகுமார் ஒவ்வொரு முறையும் நாற்காலி தந்து, தேநீர் வரவழைத்து, மரியாதையாகவே நடந்துகொண்டார். அவர் மீது எனக்குக் குறையில்லை. ஆனால் அவர் கூறியதை அப்படியே எழுதுகிறேன்: "அம்மா, அந்த வெள்ளைக்காரன் என்ன, பதுளைக்கு வந்து கேக்கவா போறான்? நம்ம ஐயாவுக்குத்தானே பெருமை, விடுங்கம்மா." அவர் வந்து கேட்கமாட்டார் என்பது எனக்கும் தெரியும். கேட்கமாட்டார் என்ற நம்பிக்கையில் ஒருவருடைய பெயரை எடுத்துவிடும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

8. இதற்கிடையில், ஹல்துமுல்லையில் நடந்த கண்காட்சியொன்றில் விஜயலெட்சுமியின் எழுத்துகளைக் கண்ட நிலைய அலுவலர்கள், நிலையத்துக்குரிய வடிவமைப்பை அனுமதியின்றிப் பயன்படுத்துவதாகவும், செப்டெம்பர் 10ஆம் திகதிக்கு முன் இயந்திரத்தை நிறுத்த வேண்டுமென்றும் அவருக்குக் கடிதம் அனுப்பியுள்ளனர். கடிதம் கிடைத்த அன்றே அவர் நிறுத்திவிட்டார். நான் சென்றபோது, பலகையில் "ஞ" வரை வெட்டப்பட்டிருந்தது. "ட" தொடங்கவில்லை. நான்கு தோட்டங்கள் எழுத்துகளுக்காகக் காத்திருக்கின்றன.

9. நிலையம் திரு. வெர்ஹூக்கின் பெயரை வேண்டுமென்றே அழித்தது என்று நிரூபிப்பதற்காகவே நான் கொஸ்லந்தவுக்குப் போனேன் என்பதை மறைக்கவில்லை. எனது கணவர் கையால் கொடுத்த தாள்களை விஜயலெட்சுமி பெட்டியிலிருந்து எடுத்தார். ஒவ்வொன்றின் அடியிலும் அந்த எட்டு வரிகள் இருந்தன. நிலையத்தின் நூலை அருகில் வைத்துப் பார்த்த அவர், "இதுல மட்டும் ஏம்மா அடியில ஒண்ணுமே இல்ல? ஐயா எல்லாத்துலயும் போட்டிருக்காங்களே" என்று கேட்டார். பேருந்தைப் பிடிக்க வேண்டுமென்று கூறி நான் எழுந்துவிட்டேன். அவருக்குரிய பதிலைத் தங்கள் முன்னிலையில் எழுதுகிறேன்.

10. அவ்வரிகளை நீக்கியவள் நான். கன்னியர் மடப் பாடசாலையில், ஒரே விடயத்தை இருமுறை எழுதுவது ஒழுங்கீனம் என்று எங்களுக்குக் கற்பித்தார்கள். முப்பத்தொரு தாள்களில் ஒரே எட்டு வரிகள் வருவதைக் கண்டு, முதலாம் தாளில் மட்டும் வைத்து, மற்ற முப்பதிலும் எடுத்துவிட்டேன். பக்கங்கள் அழகாக இருந்தன. முதலாம் தாள் என்ற ஒன்றே திரு. வெர்ஹூக்கின் பெயரைத் தாங்கி நின்றது. நிலையத்தார் அதனைப் பழைய அட்டை என்று எண்ணி அகற்றி, தங்கள் புதிய அட்டையை வைத்தனர். அவர்கள் ஒரு தாளைத்தான் எடுத்தார்கள். நான் முப்பது இடங்களில் எடுத்திருந்தேன். எனது பிழையால் எனது கணவர் பிறர் பொருளைத் தம்முடையதென்று சொன்னவராக இன்று நூலில் நிற்கிறார். தமது தரப்பை விளக்க அவர் இங்கே இல்லை.

11. நடந்ததை நான் திரு. வெர்ஹூக்குக்கு எழுதி மன்னிப்புக் கேட்டேன். ஒன்பது நாட்களில் பதில் வந்தது. அவர் கோபிக்கவில்லை. தமது ஊரிலும் ஈரத்தில் பலகைகள் ஊதுவதாகவும், இரும்புச் சட்டத்துக்கான அந்த நான்கு தாள்களையும் எனது கணவரின் பெயருடனேயே தமது கோப்புகளில் சேர்த்து எல்லோருக்கும் கொடுக்க விரும்புவதாகவும் எழுதியிருந்தார். ஆனால் நிலையம் சகல உரிமைகளையும் கோரியிருக்கும் வரை அவற்றைத் தொட முடியாது என்றும் வருந்தியிருந்தார். நிலையத்தார் உரியவையல்லாத இருபத்தேழு தாள்களைக் கொடுத்து, உரிய நான்கை எனது கணவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள் என்பதை அன்றுதான் முழுமையாக உணர்ந்தேன்.

12. ஆகவே தங்களிடம் வேண்டுவது: விஜயலெட்சுமிக்கு அனுப்பிய கடிதத்தைச் செப்டெம்பர் 10ஆம் திகதிக்கு முன் எழுத்து மூலம் மீளப் பெற வேண்டும். முதலில் இதைச் செய்யுங்கள், ஏனையவை காத்திருக்கலாம். அதன்பின், அட்டையிலுள்ள "கண்டுபிடிப்பாளர்" என்ற சொல்லையும் உரிமை கோரும் வாசகத்தையும் நீக்கி, ஒவ்வொரு தாளிலும் எட்டு வரிகளுடன் நூலைத் திருத்தி வெளியிட வேண்டும். திருத்திய முப்பத்தொரு தாள்களையும் மீண்டும் தட்டெழுதி இத்துடன் இணைத்துள்ளேன். இம்முறை எட்டு வரிகளையும் முப்பத்தொரு தடவை நானே தட்டெழுதினேன். கணினியில் பிரதி எடுத்து ஒட்டவில்லை.

13. எனக்கு வழங்கிய கேடயத்தையும் செய்தித்தாளில் சுற்றி இத்துடன் ஒப்படைக்கிறேன். அவமதிப்பாகக் கொள்ள வேண்டாம். அதிலுள்ள "கண்டுபிடிப்பாளர்" என்ற சொல்லை எடுத்துவிட்டு, "12, 13, 19, 26ஆம் தாள்களை வரைந்தவர்" என்று பொறித்துத் தருவீர்களாயின், நானே வந்து பெற்றுக்கொள்வேன். அவருடைய படத்தின் கீழ் ஆணி அடித்து வைத்திருக்கிறேன். மாட்டுவதற்கு அதுவே போதும்.

மேற்கூறியவற்றின் உண்மைக்கும், பத்தாம் பந்தியிலுள்ள பிழைக்கும் பொறுப்பேற்று ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)
லீலாதேவி பத்மநாதன்

இடம்: பதுளை
திகதி: 2008 ஆகஸ்ட் 27

இணைப்பு: திருத்திய தாள்கள் 31, திரு. வெர்ஹூக்கின் கடிதமும் தமிழாக்கமும், தடைக் கடிதத்தின் பிரதி, கேடயம் 1.

பிரதி: செல்வி வீ. விஜயலெட்சுமி, கொஸ்லந்த. அன்று அவர் கேட்ட கேள்விக்குப் பதிலாக.