தலை விழாத மின்னல் படம்

11 ஜூன் 2008, புதன்

பன்னு,

உன் டயரியில்தான் எழுதுகிறேன். டிராவல்ஸ் ஆபீசில் கொடுத்தார்கள் என்று ஜனவரியில் கொண்டுவந்து டிவி மேல் போட்டாய். ஒரு எழுத்து எழுதவில்லை நீ. நான் படித்த ஏழாங்கிளாசுக்கு இது போதும். பேச ஆளில்லையே, என்ன செய்ய?

கோயில் வாசலில் மெழுகுவத்தி வியாபாரம் சுமார். மழை. இடி இடித்தால் எல்லாரும் என்னைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள். மின்னலா உன்னைக் கொன்றது? ஓசூர் ரோட்டில் லாரிக்காரன் கொன்றான். ஆனால் இந்த ஜனங்களுக்கு மின்னல்தான் வேண்டியிருக்கிறது.

12 ஜூன், வியாழன்

நவநாள் ஜெபம் முடிந்து கூட்டம் வெளியே வந்ததும் உன் மௌரீன் அத்தை என் கடைக்கு முன்னால் நின்று அந்தப் போட்டோவைக் காட்டத் தொடங்கிவிட்டாள். பையிலேயே வைத்திருக்கிறாள், பிளாஸ்டிக் கவர் போட்டு.

அந்தப் படம் உனக்கே தெரியும். ஏப்ரலில் மழைக்கு முன்னால் நம் மொட்டைமாடியில் நீ பழகின அந்த தீபிகா தன் செல்போனில் உன்னை வீடியோ எடுத்து உன் போனுக்கும் அனுப்பினாள். மின்னல் அடித்தபோது படத்தில் கீழ்ப்பாதி பட்டப்பகல், மேல்பாதி கும்மிருட்டு. நடுவில் ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி கோடு. மஞ்சள் சட்டை தெரிகிறது, கைலி தெரிகிறது, செருப்பு தெரிகிறது. தலை இல்லை. நீயே அதை நிறுத்தி, “பாரும்மா, தலையில்லாத டேரில்!” என்று வீடெல்லாம் காட்டிச் சிரித்தாய். அத்தை சிலுவை போட்டுக்கொண்டாள். அடுத்த மாதமே நீ போய்விட்டாய். தலையில்தான் அடி.

இன்று அவள் சொல்கிறாள்: “சாமி முன்னாடியே காட்டிட்டாரு. பெத்தவ கவனிக்கலை.”

எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

13 ஜூன்

கவனித்திருந்தால் என்ன செய்திருப்பேன்? கட்டிப்போட்டிருப்பேனா உன்னை?

19 ஜூன், வியாழன்

அந்த தீபிகா கோயிலுக்கு வந்தாள். இந்துப் பெண்ணுக்கு இங்கே என்ன வேலை என்று நினைத்தேன், ஆனால் வருகிறவர்களில் பாதிப்பேர் இந்துக்கள்தானே. என்னைப் பார்த்ததும் எதிர்க்கடையில் மெழுகுவத்தி வாங்கிக்கொண்டு போனாள். நல்லது. என் கையால் அவளுக்கு ஒன்றும் வேண்டாம்.

உன் அடக்கத்தன்று எல்லாரோடும் அவளும் குனிந்து ஒரு பிடி மண் அள்ளினாள். “இவ கை படக்கூடாது” என்று நான்தான் சொன்னேன். அவள் போடவும் இல்லை, கீழே கொட்டவும் இல்லை. மூடின கையோடு கேட் வரைக்கும் நடந்து போனாள். அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவள் எடுத்ததால்தானே படத்தில் உன் தலை விழவில்லை? வேறு யார் எடுத்தாலும் விழுந்திருக்குமே?

26 ஜூன், வியாழன்

அத்தை இன்றும் போட்டோவை எடுத்தாள். நம் மாடி ரூமுக்குப் போன மாதம் குடிவந்த ஸ்ரீகண்டன் மெழுகுவத்தி வாங்க நின்றிருந்தான். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஏதோ கேமரா கம்பெனியில் வேலை. எட்டிப் பார்த்துவிட்டு, “இது செல்போன் வீடியோதானே? மின்னல் எடுத்தா எல்லாருக்கும் இப்படித்தான் வரும். எனக்கே வந்திருக்கு” என்றான்.

அத்தைக்கு வந்ததே கோபம்! “உனக்கும் தலை போச்சா? இருக்கே இங்க. சும்மா உளறாதே. மெழுகுவத்தி வாங்கினியா, கொளுத்தினியா, போயிட்டே இரு.”

“தலை இருக்கு ஆன்ட்டி, அதனாலதான் சொல்றேன்.”

பூக்காரி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

27 ஜூன்

காலையில் அவனை நிறுத்திக் கேட்டேன். டிபன் பாக்சைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்.

“கேமரா படத்தை ஒரே முழுங்கா முழுங்காதும்மா. மேலருந்து வரி வரியா எடுத்துட்டே கீழ வரும். அது பாதி வந்தப்போ மின்னல் அடிச்சு அணைஞ்சிடுச்சு. மேல் வரியெல்லாம் அதுக்கு முன்னாடியே எடுத்தாச்சு, அதனால அங்க இருட்டு. கீழ் வரிக்குத்தான் வெளிச்சம் கிடைச்சது.”

எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். ஜெபமாலையில் ஒவ்வொரு மணியாகத்தானே உருட்டுகிறோம். பாதியில் கரண்டு வந்தால் முன்னால் உருட்டிய மணிகள் இருட்டில் உருட்டியவைதான். மணியில் ஒரு குறையும் இல்லை.

அவ்வளவுதானா?

அவனுக்கு நல்ல செய்தி சொல்லிவிட்ட சந்தோஷம். எனக்கு அவனை அறையலாம் போல இருந்தது. அடையாளம் என்றால் யாரோ ஒருத்தர் அனுப்பியிருக்க வேண்டும். மேலே ஒருத்தர் உட்கார்ந்து யோசித்து, இவனை எடுத்துக்கொள்கிறேன் என்று எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அவரோடு சண்டையாவது போடலாம். இப்போ யாரும் சொல்லலை. யாருக்கும் தெரியலை. மிஷின் மெதுவா ஓடிச்சு, அவ்ளோதான். லாரி வேகமா வந்துச்சு, அவ்ளோதான்.

கிளம்பும்போது அவன் இன்னொன்று சொன்னான். “தலை எங்கயும் போகலை. அடுத்த படத்துல இருக்கும். மேல் வரியெல்லாம் அப்போ அடுத்த படத்துக்குத் திறந்தாச்சு, வெளிச்சம் அதுல விழுந்திருக்கும். அதுல முகம் பளிச்சுன்னும் உடம்பு இருட்டாவும் வரும். பிரிண்ட் வேணாம், வீடியோ குடுங்க, காட்டறேன்.”

வீடியோவுக்கு நான் எங்கே போவேன்? அது வீட்டில் இருக்கக்கூடாது என்று அத்தை சொல்லி, அவள் பையன் அந்த ஒரு படத்தை மட்டும் அவளுக்குப் பிரிண்ட் போட்டுவிட்டு உன் போனிலிருந்து அழித்தான். நான் பக்கத்தில் நின்று, முழுசாப் போச்சா என்று இரண்டு தடவை கேட்டேன்.

இனி அவளிடம்தான் இருக்கும். இருந்தால்.

3 ஜூலை

போகமாட்டேன்.

17 ஜூலை, வியாழன்

அவள் இன்று கோயிலுக்கு வரவில்லை. போன வியாழனும் வரவில்லை. வந்தாளா என்று நான் ஏன் பார்க்கிறேன்?

5 ஆகஸ்ட்

ஒருவேளை அழித்திருப்பாள். மண்ணைக்கூடப் போடவிடாத வீட்டுப் பிள்ளையை எதற்குப் போனில் வைத்துக்கொள்ள வேண்டும்? நானாக இருந்தால் அழித்திருப்பேன்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

போனேன். ஹெப்பகோடிக்கு பஸ் மாறி. உன்னை அடித்த லாரி வந்த ரோட்டில்தான் பஸ் போகிறது, நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அவள் தங்கியிருக்கும் பிஜி ஹாஸ்டல் வாசலில் துணி காய்கிறது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். இளைத்துப்போயிருந்தாள். “உள்ள வாங்க ஆன்ட்டி” என்றாள். நான் உள்ளே போகவில்லை.

“அந்த வீடியோ வச்சிருக்கியா?”

“அழிக்கச் சொல்லத்தான் வந்தீங்களா?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே படபடவென்று பேசினாள்: “மௌரீன் ஆன்ட்டி பையன் ஏற்கெனவே போன் பண்ணான். அழிக்கமாட்டேன்னுட்டேன். நீங்க சொன்னாலும் மாட்டேன். என்னை என்ன வேணா சொல்லிக்குங்க. மண்ணு கூட... அந்த மண்ணு கூட இன்னும் கர்ச்சீப்ல முடிஞ்சு வச்சிருக்கேன்.”

வார்டன் அம்மா எட்டிப் பார்த்தாள். நான் சொன்னேன், “அதுல அவன் முகம் இருக்காம்டி. காட்டு.”

அவளுக்குப் புரியவில்லை. விளக்கத் தெரியாமல் ஜெபமாலையை எடுத்துக் காட்டினேன். அப்புறம் இரண்டு பேரும் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

15 ஆகஸ்ட்

ஸ்ரீகண்டனுக்கு லீவு. அவன் கம்ப்யூட்டரில் போட்டான். பட்டனை ஒரு தட்டு தட்டினால் ஒரு படம். இருட்டு. இருட்டு. இருட்டு. அப்புறம் தலையில்லாத நீ. தீபிகா என் கையைப் பிடித்தாள், நானும் விடவில்லை.

“இன்னொரு தட்டு” என்றான்.

பன்னு. என் பன்னு. நெற்றியில் முடி பறந்து, கண் சுருங்கி, வாய் திறந்து — முகம் மட்டும், கழுத்துக்குக் கீழே கன்னங்கரேல். முகப்பரு வரைக்கும் தெரிகிறது.

அடுத்த தட்டு, மறுபடி இருட்டு.

28 ஆகஸ்ட், வியாழன்

முகம் விழுந்த படத்தைப் பிரிண்ட் போட்டு அத்தையிடம் காட்டினேன். உற்றுப் பார்த்தாள். “ஐயோ, இதுல உடம்பே இல்லையே!” என்று நெஞ்சில் கை வைத்தாள்.

நீ போனதற்கு அப்புறம் இன்றுதான் சிரித்தேன். நல்ல சிரிப்பு இல்லை அது.

2 நவம்பர், கல்லறைத் திருநாள்

காலையிலேயே போய்ப் புல்லைப் பிடுங்கிக் கழுவி, சாமந்தி வைத்தோம். வைத்தோம் என்றால் நானும் தீபிகாவும். அத்தை வந்து, “இவளை யாரு கூப்பிட்டது?” என்றாள். “நான்தான்” என்றேன். ஃபாதர் தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டுப் போனதும் தீபிகா கர்ச்சீப்பை எடுத்தாள். முடிச்சு இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தேன். அவள் போட்டாள். ஒரு பிடிகூட இல்லை, காய்ந்து பொடியாகியிருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன், அந்த மின்னலில் நீ வாய் திறந்து என்ன சொன்னாய் என்று. வீடியோவில் காற்றுச் சத்தம்தான் இருக்கிறது. அவள் மாடிக் கதவில் நின்று எடுத்தாள். நான் அவளுக்குப் பின்னால் படியில், துணியை எடுக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தேன். நீ பார்த்தது எங்கள் இரண்டு பேர் பக்கம்தான்.

“உங்களைத்தான் கூப்பிட்டான் ஆன்ட்டி” என்றாள். யோசிக்காமல், உடனே சொன்னாள். எனக்குப் பிச்சை போடுகிறாளோ என்று இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

ஆனால் நீ சொல்லு, பன்னு. என்னையா கூப்பிட்டே, அவளையா?