கம்பெனிக் கூட்டத்துக்கு மூன்று தட்டுச் சீர்

நாகமலை புதுக்கோட்டை
12.11.1986

என் அய்யா வெள்ளைத்துரைக்கு, உன் அப்பத்தா செல்லத்தாய் கைப்பட எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். பெங்களூர்க் குளிர் உன் நெஞ்சில் இறங்காமல் கருப்பசாமி காக்கட்டும்.

முதலில் நல்ல சேதிகள். உன் சித்தப்பா மகள் அன்னக்கொடி எம்.காம். முதல் வருடத்தில் யுனிவர்சிட்டியிலேயே இரண்டாவதாக வந்திருக்கிறாள். முதலில் வந்த பையனுக்கு மூன்று மார்க் கூட. அதையும் தப்பாகக் கூட்டியிருப்பார்கள் என்கிறாள். அவள் தம்பி முத்துக்கருப்பன் ஜில்லா அளவில் குண்டு எறிந்து கப் வாங்கிவிட்டான். அந்தக் கப்பில்தான் இப்போது காப்பி குடிக்கிறான். உன் அக்கா ஒச்சாயிக்கு டீச்சர் வேலை நிரந்தரமாகிவிட்டது. உன்னைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். பாங்குக்கும் மில்லுக்கும் கம்ப்யூட்டர் செய்து விற்கும் அம்புட்டுப் பெரிய கம்பெனியில், தெற்குச் சீமை முழுக்க மெஷின் பழுதுபார்க்கிற பிரிவுக்கு என் பேரன்தான் தலைவன் என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்குக்கூடத் தெரியும்.

அய்யா, மெட்ராஸ் கூட்டம் முடிந்து ஏழு வாரம் ஆகிறது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கோபம் என்கிறாள் அன்னக்கொடி. கோபப்படு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நடந்ததை முழுக்கத் தெரிந்துகொண்டு கோபப்படு.

நீ வேலையில் சேர்ந்தபோது என் பேரில் ஐம்பது பங்கு வாங்கினாயே, அதற்கு வருடா வருடம் கம்பெனிப் புத்தகமும் கூட்டத்துக்கு அழைப்பும் வரும். பம்பாயில் கூட்டம் என்பதால் விட்டுவிடுவேன். இந்த வருடம் மெட்ராஸ் என்று போட்டிருந்தது. புத்தகத்தில் என்னதான் எழுதியிருக்கிறது என்று அன்னக்கொடியைப் படித்துச் சொல்லச் சொன்னேன். விற்பனை நாற்பத்திரண்டு கோடியிலிருந்து ஐம்பத்தெட்டுக் கோடிக்கு ஏறியிருக்கிறதாம். லாபம் மட்டும் இறங்கிவிட்டதாம். அதனால் இனிமேல் பெரிய ஊர், பெரிய பாங்கு மட்டும் போதும். சின்ன ஊர்களில் இருக்கும் பழுதுபார்க்கிற ஆபீஸ்கள் பதினொன்றையும் மூடிவிடலாம் என்று சேர்மன் எழுதியிருந்தார். மதுரையும் அதில் ஒன்று.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தப் பதினொன்றும் நீ பஸ்ஸில் அலைந்து அலைந்து திறந்தவை. நூற்று நாற்பது பேர் அதில் சோறு சாப்பிடுகிறார்கள். நீயோ அதைப்பற்றி மூச்சு விடாமல், எனக்குப் பதில் வேறு ஆள் ஓட்டுப் போட என்று புத்தகத்தோடு வந்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு, நீ வரவேண்டாம் என்று மட்டும் எழுதியிருந்தாய்.

பேர் போட்டு அழைத்த பிறகு போகாமல் இருக்கிற வழக்கம் நம் வீட்டில் உண்டா? வெறுங்கையோடு போகிற வழக்கமும் இல்லை. தேங்காய் ஒரு தட்டு, பழம் ஒரு தட்டு, வெற்றிலை பாக்கு ஒரு தட்டு என்று எடுத்துக்கொண்டு அன்னக்கொடியோடு ரயிலேறினேன். மண்டபத்து வாசலில் காவல்காரர் தட்டுகளைப் பார்த்துவிட்டு, கல்யாண வீடு அடுத்த தெரு என்று வழி காட்டினார். அழைப்பைக் காட்டியதும் சல்யூட் வைத்தார். உள்ளே போனால், முந்நூறு பேரில் ஒருவர் கையிலும் தட்டு இல்லை. அன்னக்கொடி வெட்கத்தில், “அப்பத்தா, எல்லாத்தையும் மடியில வச்சு முந்தானையப் போட்டு மூடு” என்றாள். கூட்டம் முழுக்கத் தேங்காயை அணைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

முன்னால் பக்கவாட்டில் நீ கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தாய். பார்த்ததும் எழுந்து கூப்பிடத்தான் போனேன். அன்னக்கொடி கையைப் பிடித்து இழுத்து, “கூப்பிட்டுறாத. நீ கேள்வி கேக்கணும்னுதானே வந்திருக்க? அண்ணன்தான் சொல்லிக்குடுத்து அனுப்புச்சுன்னு பேசுவாக. அண்ணன் வேலைக்கே வெனையாப் போகும்” என்றாள். அதற்குப் பிறகுதான் நீ திரும்பிப் பார்த்தாய். நான் காற்றாடியைப் பார்த்தேன். உன்னைத் தெரியாதவள் மாதிரி இருந்தது அதனால்தான், அய்யா. வேறு எதற்கும் இல்லை.

சேர்மன் நல்ல மனிதர், தமிழிலேயே கேளுங்கள் என்றார். அன்னக்கொடி இருபத்து மூன்றாம் பக்கத்தில் கோடு போட்டுத் தந்திருந்தாள். பழுதுபார்க்கிற ஒப்பந்தத்தில் மட்டும் ஒன்பது கோடி வரவு, லாபம் இறங்கிய வருடத்திலும் அது ஏறித்தான் இருக்கிறது. எனக்குத் தெரிந்ததை நான் கேட்டேன். “மேலூர்ல வெல கம்மின்னு ஒரு மோட்டார் வாங்குனேன். நெல்லு பால் பிடிக்கிற நேரம் எரிஞ்சுபோச்சு. வித்தவன் எட்டிப் பாக்கல. செல்லூரு மெக்கானிக் காளைதான் சைக்கிள்ல வந்து எரிஞ்ச காயிலுக்குப் புதுக் கம்பி சுத்திக் கட்டிக் குடுத்தான். அடுத்த மோட்டார அவன் கைகாட்டுன கடையிலதான வாங்குவேன்? மதுரை பாங்குல உங்க மெஷின் நின்னுபோனா யாரு சைக்கிள்ல வருவா? வாரவன வீட்டுக்கு அனுப்பிட்டு அடுத்த மெஷின எப்படி விப்பீக?” என்றேன்.

நிறையப் பேர் சிரித்தார்கள். சேர்மன் சிரிக்கவில்லை. கணக்கரைக் கூப்பிட்டுக் காதோடு ஏதோ கேட்டார். பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து, அந்த அம்மா கேட்டதுதான் என் கேள்வியும் என்றார். அவரைத் தொடர்ந்து நாலைந்து பேர். கடைசியில், இதை டைரக்டர்கள் மறுபடி யோசிப்போம் என்று சொல்லி முடித்தார் சேர்மன்.

வெளியே வரும்போது மூன்று தட்டையும் அவரிடமே கொடுத்துவிட்டேன். ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டு, எந்த ஊர், யார் வீடு என்று விசாரித்தார். உன் பேர் தொண்டை வரைக்கும் வந்தது. மதுரைப் பக்கம், பங்குக்காரி என்று மட்டும் சொன்னேன். ஐம்பத்தெட்டுக் கோடி வியாபாரத்தில் பந்தி போடவில்லை பார், டீயும் இரண்டு பிஸ்கட்டும்தான்.

போன வாரம் கம்பெனியிலிருந்து தபால் வந்தது. பதினோரு ஆபீஸும் இன்னும் ஒரு வருடம் நடக்கும், அவற்றின் வரவு செலவை அடுத்த புத்தகத்தில் தனியாகக் காட்டுவோம் என்று எழுதியிருக்கிறார்கள். அன்னக்கொடி குதித்தாள். நான் கருப்பசாமிக்குச் சூடம் ஏற்றினேன். ஆபீஸுக்குப் பொறுப்பு யார் என்று அதில் போடவில்லை. நீதான் என்று நினைத்துக்கொண்டேன். கணக்கு நன்றாக வரும், உன் ஆட்கள் விடமாட்டார்கள்.

நீ அனுப்பிய மணியார்டரும் வந்து சேர்ந்தது. கீழே சேதி எழுதுகிற துண்டில் ஒன்றும் இல்லை. திருப்பியும் பார்த்தேன்.

வேலை அதிகமாக இருக்கும். எழுத நேரமில்லை என்றால் எழுதவேண்டாம், ராசா. ஸ்டூடியோவுக்குப் போய், அந்தக் கோட்டைப் போட்டுப் புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் சேர்த்துவிடு. சிரித்துத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. முகம் நேராகத் தெரிந்தால் போதும்.

நூறு வயது நீ நன்றாக இருக்கவேண்டும்.

உன் அப்பத்தா,
செல்லத்தாய்