பாலத்தில் நடைத்தகடு: சரி

பிப்ரவரி 9, திங்கள்

இடது பூட்ஸ் வாயைப் பிளந்துவிட்டது. செருப்புத் தைப்பவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இனிமே தைச்சா நூல்தான் இருக்கும், பூட்ஸ் இருக்காது" என்றார். தினமும் பன்னிரண்டு கிலோமீட்டர் தண்டவாளத்தோடு நடக்கிறவனுக்கு எந்த பூட்ஸ்தான் தாங்கும்? சுத்தியலால் தட்டிக்கொண்டே போக வேண்டும், தளர்ந்ததை இறுக்க வேண்டும், விரிசல் கண்டால் சிவப்புக் கொடி காட்ட வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் பிழைப்பு.

மாலையில் ஊராட்சி அலுவலகத்தில் கூட்டம். காட்டுத்தீ பற்றித்தான். ஊருக்கு ஒரே ஒரு ரோடு, அதுவும் காட்டுக்குள்ளேயே வளைந்து வளைந்து இறங்குகிறது. அதில் தீ வந்தால் எங்கே ஓடுவது? செயலாளர் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் விரலை வைத்து ரயில் பாதையைக் காட்டினார். ரயில்வே கேட்டில் ஏறி, பாலத்தைத் தாண்டி, அந்தப் பக்கத்து ஸ்டேஷன் வரை நடந்தால் நாலு கிலோமீட்டர். அங்கே ரயில் வந்து எல்லோரையும் ஏற்றிக்கொள்ளும்.

"ஜனங்க நடந்து போயிட முடியுமா?" என்று என்னைக் கேட்டார்.

"நான் தினம் அப்படித்தானே வேலைக்குப் போறேன்" என்றேன்.

பின்வரிசையில் இருந்த தபால்காரர் எழுந்தார். என் வயதுதான். நாமிரண்டு பேரும் காலை வைத்துப் பிழைக்கிறவர்கள் என்று அடிக்கடி சொல்வார். "பாலத்துல கீழ பாத்தா தலை சுத்தாதா?" என்று கேட்டார்.

"கீழ ஏன் பாக்கணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். செயலாளர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். வீட்டுக்கு வரும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வந்தேன். ஊருக்கே வழி சொன்னவன் அல்லவா?

பிப்ரவரி 13, வெள்ளி

கேட் பக்கத்தில் மஞ்சள் பலகை வைத்துவிட்டார்கள். 'அவசர வழி', கீழே ஒரு அம்புக்குறி. என் மனைவி பார்த்துவிட்டு வந்து, "உங்க ஆபீஸ் வழிக்குப் போர்டு வச்சிருக்காங்க" என்றாள்.

பிப்ரவரி 21, சனி

வாராந்திரப் பதிவேடு எழுதினேன். தண்டவாளம் சரி. ஜல்லி சரி. பாலத்துக் கட்டைகள் சரி. பாலத்தில் நடைத்தகடு சரி. கையெழுத்து. ஐந்து நிமிஷ வேலை, கை தானாகவே எழுதிவிடுகிறது. மழை இல்லை. புல்லெல்லாம் காகிதமாகக் கிடக்கிறது.

மார்ச் 7, சனி

பதிவேடு எழுதினேன். எல்லாம் சரி. புது பூட்ஸ் கடிக்கிறது.

மார்ச் 24, செவ்வாய்

எழுதாவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது. ஸ்டேஷன் கூடத்துத் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். சுற்றிலும் ஊர்.

மதியம் இரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. ரோட்டில் இரண்டாவது வளைவிலேயே தீ. ஸ்டேஷன் மாஸ்டர் போனில், "ரெண்டு பக்கமும் ரயில நிறுத்திட்டேன், லைன் உன்னுது. கூட்டிட்டு வா" என்றார். கேட்டில் அறுநூறு பேர் இருக்கும். நான் கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். பின்னால் பேச்சுச் சத்தம், குழந்தைகளின் அழுகை, பெட்டிகள் ஜல்லியில் இழுபடும் சத்தம். பாலம் வந்தது. ஏறினேன், நடந்தேன். பதினொரு கண் பாலம், எனக்கு நாலு நிமிஷம். அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தேன்.

என் பின்னால் ஒருத்தரும் இல்லை.

அத்தனை பேரும் அந்த முனையிலேயே நிற்கிறார்கள். ஏன் நிற்கிறார்கள் என்று எனக்குக் கோபம்தான் வந்தது. கத்திக்கொண்டே திரும்பி நடந்தேன். நடுப்பாலத்தில்தான் நான் முதல்முறையாகக் கீழே பார்த்தேன். தண்டவாளத்தைத் தாங்கும் கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஒன்றரைச் சாண் வெறுமை. அதற்குக் கீழே, வெகு கீழே, பாறை. ஆள் நடப்பதற்காக நடுவில் ஓட வேண்டிய இரும்பு நடைத்தகடுகள் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பாலத்துக்குப் பெயின்ட் அடித்தபோது கழற்றினார்கள். எங்கே இருக்கின்றன என்றும் எனக்குத் தெரியும். இதோ, இந்த ஸ்டேஷன் கிடங்கில், தார்ப்பாயின் கீழ். நான்தான் எண்ணி இறக்கினேன். அதன் மேல் உட்கார்ந்துதான் தினமும் சாப்பிடுகிறேன்.

எப்படி? எப்படித் தெரியாமல் போச்சு எனக்கு?

கட்டைக்குக் கட்டை கால் வைத்தே பழகியவனுக்குத் தகடு எதற்கு? தகடு இருந்த நாளிலும் அதில் நான் நடந்ததில்லை.

இனி கிடங்குக்குப் போய் எடுத்துவர நேரமில்லை. புகை மரங்களுக்கு மேலே வந்துவிட்டது. என் மனைவிதான் முதலில் மண்டியிட்டாள். நாலு காலில் குழந்தை போலத் தவழ்ந்து பாலத்தில் ஏறினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி, அப்புறம் ஒவ்வொருவராக. பெட்டிகளை அங்கேயே போட்டுவிட்டார்கள். தவழ முடியாதவர்களை, குழந்தைகளை, தபால்காரரும் நானும் இன்னும் நாலைந்து பேரும் தூக்கிக்கொண்டு போனோம். நாலு நிமிஷப் பாலத்துக்கு மூன்று மணி நேரம்.

ஐந்து மணி இருக்கும். தபால்காரர் ஒரு பெரியவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு மறுபடி வந்துகொண்டிருந்தார். எத்தனையாவது நடை என்று தெரியவில்லை. புகையில் எதிரே இருப்பவர் முகம் தெரியாது. ஆறாவது கண்ணில் அவர் கால் இடைவெளிக்குள் போயிற்று. பாலத்தின் ஓரமாகச் சாய்ந்தார். பக்கத்தில் பிடிக்க எதுவும் இல்லை. நான் பத்தடி தள்ளி இருந்தேன். "ஏ" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

மற்ற எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

மார்ச் 26, வியாழன்

ரயிலில் வந்து, ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருக்கிறார்கள். வகுப்பறைக்கு ஐந்து குடும்பம். மனைவியின் முழங்கால் இரண்டும் உரிந்துபோயிருக்கின்றன. மருந்து போடப் போனேன். காலை இழுத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"உங்க காலுக்கு வழி இருந்தா ஊருக்கே வழி இருக்குன்னு நினைச்சிட்டீங்க."

திட்டியிருந்தால் பரவாயில்லை.

மார்ச் 30, திங்கள்

தபால்காரரை எடுத்து வந்து அடக்கம் செய்தார்கள். நான் இடுகாட்டு வாசல் வரை போனேன். உள்ளே போகக் கால் வரவில்லை. அவர் மனைவி பெஞ்சில் உட்கார்ந்து வந்தவர்களிடம், "கால் வலிக்குதுன்னு அன்னைக்குக் காலைலதான் சொன்னாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னார்.

ஏப்ரல் 2, வியாழன்

மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நாளை மறுநாள் விசாரணை. கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "ஜனங்க பயந்துபோய் முண்டியடிச்சாங்கன்னு சொல்லிடு. யாரும் மேல கேக்க மாட்டாங்க. பதிவேடு ஊரோட எரிஞ்சிருந்தா எவ்வளவு நல்லாயிருக்கும்... சரி, அத நான் பாத்துக்கறேன்."

பதிவேடு எரியவில்லை. ஸ்டேஷன் இந்தப் பக்கம்தானே.

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் இரண்டு பெண்கள். என் வேலை போனால் பதிவேட்டில் என் பெயருக்குக் கீழே அவர் போட்ட கையெழுத்தும் சந்திக்கு வரும். யோசித்துப் பார்க்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? யாரும் முண்டியடிக்கவில்லை. அறுநூறு பேரும் ஒருவர் பின் ஒருவராக, பள்ளிப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் தவழ்ந்து வந்தார்கள். அதையும் பறிக்க வேண்டுமா?

ஏப்ரல் 4, சனி

நீள மேசை. மூன்று அதிகாரிகள். நடுவில் இருந்தவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பதிவேட்டைப் புரட்டினார். நூற்றுச் சொச்சம் பக்கத்தில் நூற்றுச் சொச்சம் 'சரி'. என் கையெழுத்து கடைசி வரை அழகாகத்தான் இருக்கிறது.

"கூட்டம் கட்டுக்கடங்காம போச்சுன்னு எழுதிக்கலாமா?"

"இல்ல சார். தகடு இல்ல."

"தகடு இல்லன்னு தெரிஞ்சே சரின்னு எழுதினீங்களா?"

தெரியாது என்றால் பொய். தெரியும் என்றாலும் பொய். "கழட்டினது தெரியும் சார். இல்லாம இருக்குன்னு ஒரு நாளும் தோணல" என்றேன். அவருக்குப் புரியவில்லை. சொன்னபடியே எழுதிக்கொள்ளச் சொன்னார். எழுதுகிறவர் இரண்டு முறை கேட்டு எழுதினார்.

வெளியே வந்ததும் மாஸ்டர் என்னைப் பார்க்காமல் போனார்.

ஏப்ரல் 9, வியாழன்

தற்காலிக வேலைநீக்கம். தாள் வந்துவிட்டது. சுத்தியலையும் கொடிகளையும் ஒப்படைத்தேன். மனைவி தாளைப் படித்துவிட்டு மடித்துப் பெட்டியில் வைத்தாள். "சொல்லிட்டீங்களாமே" என்றாள். ஆமாம் என்றேன். சோறு போட்டாள். அன்றைக்குப் பிறகு இன்றுதான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஏப்ரல் 27, திங்கள்

ஊர் திரும்பிவிட்டோம். மேலத்தெரு முழுக்கச் சாம்பல். எங்கள் வீடு நிற்கிறது. ரயில் இன்னும் ஓடவில்லை. பாலத்துக்கு இந்தப் பக்கம் எரிந்துபோன கட்டைகளை மாற்றி முடிக்க ஜூன் ஆகுமாம். மஞ்சள் பலகையில் பாதி உருகிவிட்டது. அதை யாராவது எடுத்துப் போட்டால் தேவலை. நான் எடுக்கலாமா? எனக்கு அந்த உரிமை உண்டா?

மே 3, ஞாயிறு

காலையில் கதவு தட்டும் சத்தம். தபால்காரர் மனைவி.

"அண்ணே, அந்த இடத்த எனக்குக் காட்டணும்" என்றார். "கீழ இருந்து பாத்துட்டேன். மேல இருந்து பாக்கணும்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். என் மனைவி உள்ளேயிருந்து, "கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

அந்த அம்மாவால் கட்டைக்குக் கட்டை கால் வைக்க முடியாது. எதிர் வீட்டில் கொத்தனார் சாரத்துக்கு வைத்திருந்த பலகைகளில் மூன்றை வாங்கித் தோளில் தூக்கிக்கொண்டேன். பாலத்து முனையில் முதல் பலகையைப் போட்டேன், அதன் முன்னால் இரண்டாவது, அதன் முன்னால் மூன்றாவது. அவர் மூன்றாவதில் ஏறி நின்றதும் பின்னாலிருந்த முதல் பலகையை எடுத்து முன்னால் போட்டேன். இப்படியே ஒவ்வொன்றாக. அவர் என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். காற்று அதிகமில்லை. கீழே பார்க்கவும் இல்லை, கண்ணை மூடவும் இல்லை. பலகையை மட்டும் பார்த்து நடந்தார்.

நாலாவது கண்ணில் கேட்டார்: "இந்தப் பாலம் முழுக்க அந்தத் தகட்டப் போட எவ்வளவு நேரம் ஆகும்ண்ணே?"

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "ரெண்டு ஆள் இருந்தா ஒரு நாள்ம்மா."

என் சட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவரே வந்திருப்பாரேண்ணே. ஞாயித்துக்கிழமைல அவருக்கு என்ன வேலை?"

அங்கேயே, பலகையின் மேல் உட்கார்ந்து அழுதேன். வாய்விட்டு அழுதேன், வெட்கமில்லாமல். அவர் என் சட்டையை விடவில்லை. அழுது முடியும் வரை நின்றார். பிறகு, "இன்னும் எத்தனை கண்ணு?" என்று கேட்டார்.

"ரெண்டு" என்று சொல்லிவிட்டு, எழுந்து அடுத்த பலகையைப் போட்டேன்.